நிரையிலிருந்து வந்த மங்கு

மலேசியாவின் ஈப்போவிலிருந்து இரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய சுங்கை சிப்புட் நகரத்துக்குப் பள்ளி விடுமுறைதோறும் வந்து போனவள் நான். இம்முறை வரைபுத்தகமும் பென்சில்களுமாக வந்திறங்கினேன். பெரியம்மா வீட்டிலுள்ள பொருள்களை வரைய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

அந்த ஆசையை என்னுள் விதைத்தவர் சிம்ரின் கில் என்னும் கலைஞர். அவர் 2001இல் தீபகற்ப மலேசியாவைச் சுற்றி வந்து, முன்பின் அறியாதவர்களின் கதவைத் தட்டி, அவர்கள் வீட்டு வரவேற்பறைகளைப் படம் எடுத்தார். மலாய் மொழியில் 'உள்ளே' என்று பொருள்படும் 'டாலாம்' என்ற அந்த வரிசையில் 250க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. ஓர் ஆள்கூட இல்லை. ஆனாலும் எந்த நாற்காலியில் வீட்டுப் பெரியவர் உட்காருவார் என்பதை என்னால் ஊகிக்க முடிந்தது. ஓவியர் வான் கோ 1888இல் வரைந்த தம் நாற்காலியின் மீது சுங்கானையும் புகையிலையையும் வைத்திருக்கிறார். அவை இருப்பதால்தான் அது அவருடைய நாற்காலியாகிறது என்று நான் பல காலம் நம்பியிருந்தேன்.

பெரியம்மா இப்போது தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் ஒரு வீட்டில் இருக்கிறார். தோட்டத்தில் கித்தா என்னும் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும் போய்விட்டன. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, இவ்வூர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன், பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதற்கு எதிராக 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பங்கு வாங்கியதற்கான தாள், நான்காக மடித்தபடி இருக்கிறது. அதைத் தொடவே எனக்கு அச்சமாக இருந்தது, மடிப்புகளில் அவ்வளவு நைந்திருந்தது.

நான் வரையத் தேர்ந்தெடுத்தது சாமி மேடையில் விபூதி நிறைந்திருந்த பால் மங்கு. கித்தா மரத்தில் பட்டையை உளியால் மெல்லச் சீவியதும் வடியும் பால், தகரப் பீலி வழியாக வந்து விழும் மண் கிண்ணம்தான் அது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், பொழுது விடியும் முன்பே நெற்றி விளக்குடன் மலைக்காட்டில் ஏறி, முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர் பெரியம்மா. கடைசி நாளன்று தாம் பால் வெட்டிய மர வரிசையான நிரையின் முதல் மரத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டாராம்.

"தோட்டத்துச் சாமான்தான். கேட்டுட்டு எடுக்கல. ஆனா அத்தனை வருசம் அதத் தொடாம ஒரு நாளும் விடிஞ்சதில்லையேம்மா" என்றார்.

விபூதியை வேறு கிண்ணத்துக்கு மாற்றிக் கொடுத்தார். வரையத் தொடங்கிய பிறகுதான் மங்கின் உட்புறத்தில் காய்ந்த பால் மெல்லிய பழுப்புத் தோலாக ஒட்டியிருப்பதைக் கண்டேன். நூறு முறை நெற்றிக்கு விபூதி எடுத்த பாத்திரத்தில் இதை நான் பார்த்ததே இல்லை. விளிம்பில் சிறு உடைசல் இருந்தது. அதன் கூர்மை மழுங்கி, விரல் படும்போது வழவழப்பாக இருந்தது. ஒவ்வொரு நாளும் பாலை வாளியில் ஊற்றிக் கவிழ்த்த கை அந்த இடத்தில்தான் பிடித்திருக்க வேண்டும். பென்சிலை வைத்துவிட்டு என் கட்டைவிரலை அங்கே வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது.

இரண்டு மணி நேரத்துக்குப் பின் படத்தைக் காட்டினேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு. கம்பி வளையத்த விட்டுட்டியே."

வளையம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் மங்கைச் சாய்த்து, அதன் வயிற்றைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்தார். மரத்தில் அதைத் தாங்கிய கம்பி, காற்றிலும் மழையிலும் உரசி உரசி மெருகைத் தேய்த்திருந்த வெளிறிய கோடு அது. நான் அதை ஒளியின் தெறிப்பென்று எண்ணி, வெள்ளையாகவே விட்டிருந்தேன். வான் கோவின் நாற்காலியைப் பற்றிய என் எண்ணமும் அங்கேயே மாறிவிட்டது. சுங்கானை எடுத்துவிட்டாலும், அதில் உட்கார்ந்தவரை அறிந்த ஒருவர் அதை அடையாளம் கண்டிருப்பார்.

அழிப்பானால் மெல்ல ஒற்றி எடுத்து, பெரியம்மா பக்கத்தில் அமர்ந்து "இன்னும் கொஞ்சம் கீழே" என்று சொல்லச் சொல்ல அந்தக் கோட்டை வரைந்தேன். பிறகு அவர் விபூதியை மங்கிலேயே திரும்பக் கொட்டி, எனக்கு ஒரு கீற்று பூசிவிட்டு, மாலை விளக்கேற்ற எழுந்தார்.