மாங்கூழ் சீசனும் நிரம்பிவிட்ட பூட் பார்ட்டிஷனும்

கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் கூழ் ஆலைகளின் எடைமேடைகள் இரவு பகல் பாராமல் இயங்கும். உறவினர் ஒருவரின் ஆலையில் எடைமேடையோடு இணைந்த கணினியும் கணக்கு எழுதும் கணினியும் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் ஓடுகின்றன. அவற்றைப் பராமரிப்பது என் பொறுப்பு. சீசன் உச்சத்தில் இருக்கும்போது அங்குள்ள கணக்குப்பிள்ளை தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, ஹார்ட் டிஸ்க்ல இருநூறு ஜிபிக்கு மேல காலியாத்தான் கெடக்குது. அப்புறம் எதுக்கு இடம் இல்ல, இடம் இல்லன்னு காட்டுது?"

அவருடைய கேள்வி நியாயமானது. எடைமேடைக் கணினியின் திரையில் வந்த எச்சரிக்கை முழு வட்டைப் பற்றியது அன்று. பூட் என்னும் சிறிய பார்ட்டிஷனை, அதாவது வட்டில் தனியாகப் பிரித்துவைத்த ஒரு பகுதியைப் பற்றியது. கணினி தொடங்கும்போது முதலில் படிக்கப்படும், இயங்குதளத்தின் மையமான கர்னலும் அதற்குத் துணையான கோப்புகளும் அங்குதான் இருக்கின்றன. எல்லாக் கணினிகளிலும் இது தனியாக இருப்பதில்லை. உபுண்டுவை நிறுவும்போது முழு வட்டையும் பூட்டிவைக்கும் குறியாக்க வசதியைத் தேர்ந்தெடுத்தால், கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே கர்னலைப் படித்தாக வேண்டும் என்பதால், குறியாக்கம் செய்யப்படாத ஒரு சிறு பகுதி வெளியே ஒதுக்கப்படுகிறது. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் உள்ள கணினி என்பதால் குறியாக்கம் வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தியிருந்தேன். இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழைய காலத்தில் பூட் பார்ட்டிஷனுக்கு வேறொரு காரணம் இருந்தது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான அன்றைய பயாஸால் வட்டின் முதல் 1024 சிலிண்டர்களுக்கு (வட்டைப் பிரித்து எண்ணும் அலகு) அப்பால் எட்டிப்பார்க்க முடியாது; தொடக்கத்தில் அந்த எல்லை வெறும் 504 எம்பி. ஆகவே கர்னலை வட்டின் முன்பகுதியில் கட்டிவைத்தார்கள். அந்தக் காரணம் மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பார்ட்டிஷனைச் சிறிதாகவே வைக்கும் பழக்கம் மட்டும் நெடுநாள் நீடித்தது.

அந்தக் கணினி முதலில் உபுண்டு 16.04 பதிப்பில் நிறுவப்பட்டு, படிப்படியாக 22.04 வரை உயர்த்தப்பட்டது. பதிப்பு உயர்ந்ததே தவிர, முதல் நாளில் ஒதுக்கப்பட்ட பூட் பகுதியின் அளவு ஏறத்தாழ 470 எம்பியாகவே நின்றுவிட்டது. 16.04 வெளிவந்தபோது இருந்த 4.4 வரிசைக் கர்னலுக்கு அதன் துணைக்கோப்புகளையும் சேர்த்து 50 எம்பி அளவுதான் பிடித்தது; எட்டுக் கர்னல்கள் இருந்தாலும் மூச்சுத் திணறாது. 22.04இன் 5.15 வரிசையில் நிலைமை வேறு. அந்தக் கணினியின் பூட் கோப்புறையைத் திறந்து பார்த்தபோது விஎம்லினுஸ் என்னும் கர்னல் கோப்பு 11 எம்பி, சிஸ்டம்.மேப் 6 எம்பி, கான்ஃபிக் கோப்பு அரை எம்பிக்கும் குறைவு. இனிட்ஆர்டி என்று தொடங்கும் கோப்பு மட்டும் 100 எம்பியைத் தாண்டியிருந்தது. ஆக, ஒரு கர்னலுக்கு ஏறத்தாழ 120 எம்பி.

இடத்தை விழுங்குவது கர்னல் அன்று, இந்த இனிட்ஆர்டிதான். உண்மையான கோப்பு முறைமையை ஏற்றுவதற்கு முன் நினைவகத்தில் விரிக்கப்படும் ஒரு சிறு லினக்ஸ் அது. வட்டைத் திறக்கும் நிரல், வட்டுக் கட்டுப்படுத்திகளுக்கான மாட்யூல்கள் என்னும் இயக்கி நிரல்கள், திரைக்குத் தேவையான கிராபிக்ஸ் மாட்யூல்கள், அவற்றின் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் நிரல்) ஆகிய அனைத்தும் அதற்குள் அடைக்கப்படுகின்றன. எந்தக் கணினியில் போட்டாலும் தொடங்க வேண்டும் என்பதற்காக, இந்தக் கணினியில் இல்லாத வன்பொருளுக்கான மாட்யூல்களும் உள்ளே போகின்றன. ஆண்டுக்கு ஆண்டு ஃபர்ம்வேர் கோப்புகள் பெருத்துக்கொண்டே வருவதால் இதுவும் பெருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். பூட் பார்ட்டிஷனில் எவ்வளவு காலி என்பதைப் புதுப்பிப்பு முடிந்த பிறகு பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. புதுப்பிப்பு நடந்துகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எவ்வளவு தேவை என்பதையே பார்க்க வேண்டும். ஏனெனில் புதிய கர்னல் முழுவதுமாக வந்து உட்கார்ந்த பின்னரே, பழையது நீக்கத்தக்கது என்று, உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் செய்யும் ஆப்ட் கருதும். காலி லாரி வெளியேறும் முன் சரக்கு லாரி உள்ளே வந்தாக வேண்டிய ஆலை முற்றத்தைப் போன்றது இது. நிரந்தரமாக நிற்கும் வண்டிகளுக்கு மட்டும் இடம் விட்டால் போதாது.

ஆப்ட் தானாக நீக்காமல் காப்பாற்றுபவை எவை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை அது தொடாது. நிறுவப்பட்டவற்றில் மிகப் புதியதையும் அதற்கு முந்தையதையும் தொடாது. கணினியை அவ்வப்போது மறுதொடக்கம் செய்பவருக்கு ஓடுவதும் மிகப் புதியதும் ஒன்றே என்பதால் இரண்டுதான் நிலையாக நிற்கும். புதியது வரும்போது மூன்றாகும். மறுதொடக்கமே செய்யாத எடைமேடைக் கணினியில் ஓடும் பழைய கர்னல் ஒன்று, பின்னால் வந்த புதியவை இரண்டு என மூன்று நிற்கின்றன; அடுத்தது வரும்போது நான்கு. 120 எம்பி வீதம் மூன்றுக்கு 360 எம்பி, 470இல் அடங்கிவிடும். நான்குக்கு 480 எம்பி, அடங்காது. சீசனில் நிறுத்தக்கூடாது என்று பிடிவாதம் பிடித்ததும், பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்ததும் சேர்ந்துதான் இந்தச் சிக்கலை உண்டாக்கின. தானியங்கிப் புதுப்பிப்பை முடக்குவது தீர்வாகாது. அதன் மூலம்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. சில வாரங்களுக்கு ஒருமுறை, விடியற்காலையில் லாரி வரிசை குறையும் ஐந்து நிமிடங்களைப் பிடித்து மறுதொடக்கம் செய்துவிட்டு, தேவையற்ற பழையவற்றை முழுவதுமாக நீக்கும் 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' என்ற கட்டளையை ஓட்டினாலே மேற்சொன்ன மூன்று இரண்டாகிவிடும்.

இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. கர்னல் புதுப்பிப்பே இல்லாத நாளிலும், வேறு ஏதேனும் பொதி (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்பு) மாறியதால் இனிட்ஆர்டியை மீண்டும் உருவாக்க நேரும். அப்போது பழைய கோப்பை அழித்துவிட்டு எழுதுவதில்லை; பெயரின் இறுதியில் '.நியூ' என்று சேர்த்துப் புதிய கோப்பை எழுதி முடித்த பிறகே பழையதன் இடத்தில் வைக்கிறது. பாதியில் மின்சாரம் போனாலும் பழையது பிழைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். அதற்கு இன்னொரு 100 எம்பி காலியாக இருக்க வேண்டும்.

இடம் தீர்ந்துபோனால் என்ன நடக்கும்? புதிய கர்னல் கோப்பு வந்துவிடும், அதற்கான இனிட்ஆர்டியை எழுதும்போது 'சாதனத்தில் இடம் இல்லை' என்ற பிழையோடு அமைப்பு நின்றுவிடும். அந்தப் பொதி பாதி அமைக்கப்பட்ட நிலையில் கிடக்கும். அதன் பின் எதை நிறுவ முயன்றாலும் ஆப்ட் இதையே சுட்டிக்காட்டி முரண்டு பிடிக்கும். இந்த நிலையில் ஒருபோதும் மறுதொடக்கம் செய்யக்கூடாது. எந்தக் கர்னலைத் தொடங்குவது என்று காட்டும் கிரப் பட்டியலில் இனிட்ஆர்டி இல்லாத புதிய கர்னல் முதலிடம் பிடித்திருந்தால், வட்டைத் திறக்க வழி தெரியாமல் கர்னல் பேனிக் என்று கறுப்புத் திரையில் நின்றுவிடும். அப்படி ஆகிவிட்டாலும் கிரப் பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளுக்குள் சென்று முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் வழக்கம்போல் உள்ளே நுழையலாம்.

மீட்கும் முறையில் வரிசை முக்கியம். முதலில் 'யுநேம் -ஆர்' கொடுத்து, ஓடும் கர்னலின் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்வேன். திரையில் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், 5.15.0-க்குப் பின் வரும் எண்கள் ஒன்றோடொன்று எளிதில் குழம்பும். அடுத்து 'டிபிகேஜி -எல்' கட்டளையால் லினக்ஸ்-இமேஜ் என்று தொடங்கும் பொதிகளைப் பட்டியலிட வேண்டும். வரியின் தொடக்கத்தில் 'ஐஐ' என்று இருப்பவைதான் உண்மையில் நிறுவப்பட்டவை; 'ஆர்சி' என்று இருப்பவை ஏற்கெனவே நீக்கப்பட்டு அமைப்புக் கோப்பு மட்டும் எஞ்சியவை, அவற்றைத் துடைப்பதால் பூட் பகுதியில் குறிப்பிடத்தக்க இடம் கிடைக்காது. ஓடாதவற்றில் மிகப் பழைய எண்ணைத் தேர்ந்து, அதன் இமேஜ், மாட்யூல்ஸ், மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பொதிகளை 'டிபிகேஜி --பர்ஜ்' மூலம் ஒரே கட்டளையில் சேர்த்து நீக்க வேண்டும். ஆப்ட் இந்த நேரத்தில் சார்புச் சிக்கலைச் சொல்லி மறுக்கும் என்பதால்தான் அதற்கு அடியில் உள்ள டிபிகேஜியிடம் நேரடியாகப் போகிறோம்.

சில வேளைகளில் அதுவும் தடுமாறும். ஒரு கர்னலை நீக்கியவுடன் கிரப் தன் பட்டியலைப் புதிதாக எழுத முயலும். அந்தப் பட்டியலும் பூட் பகுதியிலேயே இருக்கிறது. காலி இடம் சுழியமாக இருந்தால் சில கேபி அளவுள்ள அந்தக் கோப்பைக்கூட எழுத முடியாது. அப்போது மட்டும், மிகப் பழைய கர்னலின் இனிட்ஆர்டி கோப்பை வீட்டுக் கோப்புறைக்கு நகர்த்திவைப்பேன். அழிப்பதில்லை, நகர்த்துவதுதான். 100 எம்பி கிடைத்ததும் மேற்சொன்ன பர்ஜ் தடையின்றி நடக்கும். அதன் பின் 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' கொடுத்தால் பாதியில் நின்ற புதிய கர்னல் தன் இனிட்ஆர்டியை எழுதி முடித்துக்கொள்ளும். பூட் கோப்புறைக்குள் நுழைந்து பழைய எண் உள்ள கோப்புகளையெல்லாம் ஆர்எம் கட்டளையால் அழித்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. கோப்பு போய்விடும், பொதி மேலாளரின் கணக்கில் அந்தக் கர்னல் இன்னும் இருப்பதாகவே பதிந்திருக்கும்; அந்த முரண் பிறிதொரு நாள் வேறு வடிவில் தலைகாட்டும்.

ஆட்டோரிமூவ் ஓட்டியும் சில பழைய கர்னல்கள் அசையாமல் இருப்பதுண்டு. யாரோ ஒருவர் அந்த எண்ணைப் பெயர் சொல்லி நேரடியாக நிறுவியிருப்பார். அதனால் அது 'கைமுறையாக நிறுவப்பட்டது' என்ற முத்திரையோடு நிற்கும். 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும், 'ஆப்ட்-மார்க் ஆட்டோ' கொடுத்தால் அடுத்த ஆட்டோரிமூவில் போய்விடும். இதைச் செய்யும்போது எண் ஏதும் இல்லாத லினக்ஸ்-ஜெனரிக் பொதியைத் தொட வேண்டாம். அது வெறும் சுட்டிதான், இடம் எதுவும் பிடிப்பதில்லை; ஆனால் அது போய்விட்டால் புதிய கர்னல்கள் வருவதே நின்றுவிடும், அதை யாரும் மாதக்கணக்கில் கவனிக்கவும் மாட்டார்கள்.

இனிட்ஆர்டியையே இளைக்கச் செய்யவும் வழி இருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் மாட்யூல்ஸ் என்ற வரியில் 'மோஸ்ட்' என்று இருப்பதை 'டெப்' என்று மாற்றினால், இந்தக் கணினிக்குத் தேவையான மாட்யூல்கள் மட்டுமே உள்ளே போகும். கோப்பின் அளவு வெகுவாகக் குறையும். இணையத்தில் பெரும்பாலோர் பரிந்துரைப்பது இதைத்தான். ஆலைக் கணினிக்கு நான் இதைச் செய்யவில்லை. சீசன் நடுவில் மதர்போர்டு எரிந்துபோனால், பெங்களூரு எஸ்.பி. சாலைக்கு ஆள் அனுப்பி வாங்கிவரும்வரை காத்திருக்க முடியாது. வட்டைக் கழற்றி அலுவலகத்தில் உள்ள வேறொரு கணினியில் மாட்டித்தான் எடைமேடையை ஓட்ட வேண்டும். அந்த வேறு கணினியின் வட்டுக் கட்டுப்படுத்திக்கு வேண்டிய மாட்யூல் உள்ளே இல்லாவிட்டால் அது தொடங்காது. எனவே மாட்யூல்களைக் குறைக்காமல், அதே கோப்பில் சுருக்கும் முறையைக் குறிக்கும் கம்ப்ரஸ் என்ற வரியில் இசட்எஸ்டிடி என்பதற்குப் பதில் எக்ஸ்இசட் என்று மாற்றினேன். உருவாக்குவதற்கும் தொடங்குவதற்கும் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, கோப்பு கணிசமாகச் சுருங்குகிறது. சொந்த மடிக்கணினி என்றால் 'டெப்' அமைப்பைத் தாராளமாக வைக்கலாம். 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' என்று மட்டும் கொடுத்தால் அது மிகப் புதிய கர்னலுக்குரியதையே மாற்றும் என்பதால், முந்தைய கர்னலின் முழு அளவு இனிட்ஆர்டி தொடப்படாமல் காப்புக்கு நிற்கும்.

இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோரா பயன்படுத்துவோருக்கு இவ்வளவு பாடு இல்லை. அங்கே ஆப்ட் செய்யும் வேலையைச் செய்யும் டிஎன்எஃப்பின் அமைப்பில், எத்தனை கர்னல்களை வைத்துக்கொள்வது என்பதைக் குறிக்கும் இன்ஸ்டால்ஒன்லி_லிமிட்டின் இயல்பு மதிப்பு 3; அதை 2 ஆக்கினால் போதும், அதற்கும் கீழே போக அது அனுமதிக்காது. ஆனால் அங்கே ரெஸ்க்யூ என்ற பெயரில் எல்லா மாட்யூல்களும் அடங்கிய பருத்த கோப்பு ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பார்ட்டிஷனையே பெரிதாக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் பூட் பகுதிக்கு அடுத்தே குறியாக்கம் செய்யப்பட்ட பெரும் பகுதி தொடங்குகிறது. அதற்குள் வட்டு இடத்தைப் பங்கிட்டுத் தரும் எல்விஎம் என்னும் அடுக்கைச் சுருக்கி, பின் குறியாக்கப் பகுதியைச் சுருக்கி, அதன் தொடக்கத்தையே வலப்புறம் நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது மின்சாரம் போனால் அனைத்தும் போயிற்று. அந்தத் துணிச்சலுக்குச் செலவாகும் நேரத்தில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, உபுண்டுவைப் புதிதாக நிறுவிவிடலாம் என்பதே என் கருத்து. அடுத்த பதிப்புக்கு உயர்த்தும்போது பூட் பகுதியில் போதிய இடம் இல்லாவிட்டால் உபுண்டு அந்த வேலையைத் தொடங்கவே மறுக்கும் என்பதால், என்றாவது ஒரு நாள் இதைச் செய்துதான் ஆக வேண்டும். இப்போதைய உபுண்டு நிறுவிகள் குறியாக்க முறையில் பூட் பகுதிக்கு ஏறத்தாழ 2 ஜிபி ஒதுக்குகின்றன. வட்டைக் கையால் பிரிப்பவர்களும் அதற்குக் குறையாமல் ஒதுக்கட்டும்; 250 ஜிபி எஸ்எஸ்டியில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆலையில் கடைசி லோடு கூழாகி, கேன்கள் எல்லாம் ஏற்றப்பட்ட பிறகு, செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக உறவினரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதுவரை எக்ஸ்இசட் சுருக்கமும் விடியற்காலை மறுதொடக்கமும் தொடரும்.