சாமியும் வயல் வேலைக்குப் போன ஊர்

எங்க அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, எழுபத்தெட்டு வயசாகிறது. கோவையை ஒட்டின தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டம், வாழையும் கொஞ்சம் சின்ன வெங்காயமும். வருஷம் தவறாமல் ஆனி மாதம் பேரூர் பட்டீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுவார். ஆனால் ஆனியில் அங்கே நடக்கிற நாற்று நடவுத் திருவிழா அன்றைக்குப் போகவே மாட்டார், ஒரு நாள் இரண்டு நாள் தள்ளித்தான் போவார். இந்தத் தடவை நான் கூடப் போனதால் ஏன் இப்படி என்று கேட்டேன்.

"சாமியே நாத்து நடப் போயிருக்கற அன்னைக்கு, நாம வேலைய விட்டுப்போட்டு அவரப் பாக்கப் போனா நல்லாவா இருக்கும் கண்ணு?"

விளையாட்டாகச் சொல்கிறாரா நிஜமாகச் சொல்கிறாரா என்று கடைசி வரைக்கும் பிடிபடவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுந்தரர் பொன் கேட்டுப் பாட வருகிறார் என்று தெரிந்ததும், கையில் கொடுக்க ஒன்றும் இல்லாத பட்டீஸ்வரர், பச்சைநாயகி அம்மனையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கி நாற்று நடுகிற ஆட்களோடு ஆளாக நின்றுகொண்டாராம். பேரூர்ப் புராணத்தில் இதற்கென்றே பள்ளுப் படலம் என்று ஒன்று இருக்கிறது. வாசலில் இருந்த நந்தியிடம், கேட்டால் சொல்லாதே என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். நந்தி வாயைத் திறக்கவில்லை, கண்ணை மட்டும் வயல் பக்கம் காட்டிவிட்டது. சாமிக்குக் கோபம் வந்து மண்வெட்டியால் ஒரு போடு. இன்றைக்கும் அந்த நந்திக்குத் தாடை உடைந்துதான் இருக்கிறது.

அப்புச்சி அந்த நந்தியிடம்தான் ரொம்ப நேரம் நின்றார். "பொய் சொல்லத் தெரியாத சீவன். மாட்டுக்கிட்டப் போயி ரகசியம் சொன்னது அவரு தப்பு" என்றார். பக்கத்தில் நின்றிருந்த அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். நாற்பது வருஷம் எருது கட்டி உழுதவர், அவர் நந்தி கட்சிதான் பேசுவார்.

உள்ளே லிங்கத்தின் மேல் பட்டி என்கிற கன்றின் குளம்புத் தழும்பு இருக்கிறது என்பார்கள், அதனால்தான் பட்டீஸ்வரர். கனகசபையின் தூண் சிற்பங்களை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புச்சி மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். பிறவாப் புளி, இறவாப் பனை எல்லாம் அவசரமாக ஒரு சுற்று. புளியங்கொட்டை முளைக்காது என்பதில் மட்டும் அவருக்கு எப்போதும் ஒரு வருத்தம், முளைக்காத விதையை விவசாயிக்கு எப்படிப் பிடிக்கும்.

சந்நிதியில் கண்ணை மூடியவர் ஒரு நிமிஷத்தில் திறந்துவிட்டார். என்ன வேண்டிக்கிட்டீங்க அப்புச்சி என்றேன்.

"அவருகிட்ட என்ன கேக்கறது? காசில்லீன்னுதான காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சாரு."

எங்க பக்கம் காடு என்றால் தோட்டம், வயல்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் யோசித்தால் சிரிப்பாக இல்லை. போன வருஷம் மாசியில் ஒரே ராத்திரியில் யானை வந்து, தார் விட்டு நின்ற வாழையில் பாதிக்கு மேல் சாய்த்துவிட்டது. இரண்டு நாள் யானையையும் வனத்துறையையும், கூடவே சாமியையும் சேர்த்துத் திட்டினார், நல்ல கெட்ட வார்த்தைகளோடுதான். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கன்றுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷமும் ஆனியில் பேரூருக்கு வந்தார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கடன் கேட்டு வருகிறவனுக்கு முகம் காட்ட முடியாமல் தோட்டத்துக்குள் நிற்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அப்படி நின்ற ஒரு சாமியைப் பார்க்க வருகிறவர் வரம் கேட்டு வருவதில்லை, பக்கத்துக் காட்டுக்காரரை எட்டிப் பார்க்கிற மாதிரி வருகிறார். எனக்கு அப்படித்தான் படுகிறது.

கதையில் சுந்தரர் வயலிலேயே அவரைக் கண்டுபிடித்துவிடுகிறார். சாமியும் கரையேறி வந்து ஆடிக் காட்டுகிறார். பிறகு தில்லைக்குப் போன சுந்தரர், "மீகொங்கில் அணிகாஞ்சிவாய்ப் பேரூரர் பெருமானைப் புலியூர்ச் சிற்றம்பலத்தே பெற்றாம் அன்றே" என்று பாடினார். காஞ்சி என்பது நம்ம நொய்யல்தான். அந்த ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று கூப்பிட்டேன், வரவில்லை. மத்தியானம் த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிடும், மோட்டார் போட வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தில் மடித்திருந்த திருநீற்றை முதலில் மோட்டார் ரூம் சுவிட்ச் பெட்டிக்கு வைத்தார், அப்புறம் கட்டுத்தரையில் இருந்த மாட்டின் நெற்றிக்கு, மிச்சம் இருந்ததை எனக்கு. வெள்ளை வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டுப் பழைய துண்டைக் கட்டிக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த மம்முட்டியை எடுத்தார். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தவர் மாட்டைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார்.

"பாவம், நல்லா வலிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு வாழைக்குள் இறங்கிவிட்டார்.