எக்ஸ்ரே வேண்டாம் என்று நான் போட்ட கையெழுத்து

விபத்து இழப்பீட்டுப் பணம் போன மாதம்தான் வந்தது. விபத்து நடந்தது 2022 அக்டோபரில். அப்போது வயிற்றில் இருந்த மகள் இப்போது ப்ரீ-கே.ஜி. போகிறாள்.

சேலம் – கோவை நெடுஞ்சாலை, மாலை நேரம். இவர் ஓட்டினார், நான் முன் இருக்கையில், 29 வாரக் கர்ப்பம். முன்னால் லாரி வேகம் குறைத்ததும் இவர் பிரேக் போட்டார். பின்னால் வந்த சரக்கு வேன் எங்கள் காரில் மோதிவிட்டது. அந்த நொடியில் இடது கை தானாக வயிற்றுக்குப் போனது, வலது கை டேஷ்போர்டில் ஊன்றியது. இந்த வலது கையைப் பற்றித்தான் அப்புறம் இரண்டரை வருடம் பேசினோம்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எல்லோருக்கும் குழந்தையைப் பற்றிய கவலை. எனக்கும்தான். துடிப்பு கேட்கிறது, ரத்தப்போக்கு இல்லை என்றதும் அழுதே விட்டேன். மணிக்கட்டு வீங்கியிருந்ததைக் காட்டினேன். "எக்ஸ்ரே எடுக்கணும், ஆனா நீங்க மாசமா இருக்கீங்களே" என்று இழுத்தார் பணியில் இருந்த மருத்துவர். நானும் வேண்டாம் என்றேன். ஒரு தாளை நீட்டினார்கள், வலிக்கிற கையாலேயே கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை ஐந்து மாதம் கழித்து ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) கைக்கு வந்தபோதுதான் படித்தேன்: 'நோயாளி எக்ஸ்ரேவுக்குச் சம்மதிக்கவில்லை.' அதன் கீழே காயத்தின் தன்மை 'சிம்பிள்', அதாவது சாதாரணக் காயம்.

இதைப் படிக்கும் கர்ப்பிணிகள் யாராவது இருந்தால், உங்கள் மருத்துவரிடம் இதை ஒரு முறை கேட்டு வையுங்கள். கைக்கோ காலுக்கோ எடுக்கும் எக்ஸ்ரேயில் குழந்தைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு ஏறக்குறைய ஒன்றுமில்லை. வயிற்றின் மேல் ஈயக் கவசம் போட்டும் எடுப்பார்கள். இதை எனக்குப் பின்னால் சொன்னது எலும்பு மருத்துவர். அப்படியும் எடுக்கவில்லை என்றால், 'கர்ப்பத்தின் காரணமாக எக்ஸ்ரே தள்ளி வைக்கப்பட்டது' என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் மறுத்ததாக எழுத விடாதீர்கள். ஒரு வரிதான், ஆனால் வழக்கில் அதற்கு விலை உண்டு.

அன்று இரவே தனியார் மருத்துவமனைக்கு மாறினோம். விடிய விடிய வயிற்றில் பட்டையைக் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. பார்த்தார்கள். நஞ்சுக்கொடி பிரிகிறதா என்றுதான் பயம். வயிற்றில் அடிபட்டவுடன் தெரியாமல் சில மணி நேரம் கழித்துக்கூட அது வரலாமாம். என் ரத்தம் நெகட்டிவ் வகை, குழந்தையின் ரத்தம் என்னுடையதோடு கலந்திருந்தால் பாதிப்பு வராமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசியும் போட்டார்கள். தமிழ்நாட்டில் விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் அந்த இரவில் நினைவுக்கே வரவில்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அது செல்லும். நாங்கள் கார்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தோம்.

கைக்குச் சுளுக்கு என்று பட்டி போட்டு அனுப்பினார்கள்.

காவல் நிலையத்துக்கு மறுநாள் இவர் போனார். புகாரில் நான் கர்ப்பிணி என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ஸ்டேஷன் ரைட்டர், "வயித்துல இருக்கறதெல்லாம் எஃப்.ஐ.ஆர்.ல வராது சார், காயம் என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றாராம். இவர் விடவில்லை. புகார் நம்முடையது, அதை நம் வார்த்தையில் எழுத நமக்கு உரிமை உண்டு. '29 வாரக் கர்ப்பிணி' என்பது அப்படியே எஃப்.ஐ.ஆரில் ஏறியது. இந்த வழக்கில் நாங்கள் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான். ஆனால் என் பெயரில் கோட்டை விட்டோம். ஆதாரில் அப்பா இனிஷியல், ஏ.ஆர். காப்பியில் இவர் இனிஷியல், எஃப்.ஐ.ஆரில் இனிஷியலே இல்லை.

டிசம்பரில் சுகப்பிரசவம், பெண் குழந்தை.

குழந்தையைத் தூக்கவே முடியவில்லை. கட்டை விரலுக்குக் கீழே உள்ள குழியில் அழுத்தினால் உயிர் போகும். பிள்ளை பெற்றவளுக்குக் கை வலிக்காதா என்று அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டார். ஜனவரியில் எடுத்த எக்ஸ்ரேயில் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு உடைந்து, கூடாமலேயே கிடந்தது தெரிந்தது. முதல் நாள் எக்ஸ்ரே எடுத்தாலும் சில சமயம் தவறிவிடும் எலும்பு அது. நாங்கள் எடுக்கவே இல்லை. பிப்ரவரியில் இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து வைத்து, திருகு போட்டு ஆபரேஷன்.

இதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சொல்கிறது. முன்பு அந்தக் கெடு கிடையாது. அதனால் "அவசரமில்லை, பிரசவம் முடியட்டும்" என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஏழாம் மாதத்தில் அடிபட்டவளுக்கு 6 மாதம் என்பது பிரசவம், பத்தியம், பால் கொடுப்பது, தூக்கமில்லாத இரவு எல்லாம் சேர்ந்ததுதான். நாங்கள் மனு போட்டபோது கெடுவுக்கு 9 நாள் பாக்கி. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். கைக்குழந்தையோடு அலைந்த எனக்கு அது பெரிய நிம்மதி.

வக்கீல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் கட்டிலில் கிடந்த இரண்டாம் நாளே ஒருவர் வார்டுக்கு வந்துவிட்டார். "ஒண்ணும் செலவில்லைம்மா, கிடைக்கிறதுல பர்சென்ட் கொடுத்தா போதும், இந்த வக்காலத்துல மட்டும் ஒரு கையெழுத்து" என்றார். தாள்கள் வெற்றாக இருந்தன. கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவதை பார் கவுன்சில் விதியே அனுமதிப்பதில்லை. அது அப்போது எனக்குத் தெரியாது. எக்ஸ்ரே தாளில் படிக்காமல் போட்ட புத்தி அன்றைக்கு ஏனோ வேலை செய்யவில்லை, போடவில்லை. பிறகு தெரிந்தவர் மூலம் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம்.

அவர் முதலில் கேட்டது எலும்பு முறிவைக் காவல் நிலையத்தில் சொன்னீர்களா என்று. சொல்லவில்லை. வழக்கு அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279 (கண்மூடித்தனமாக ஓட்டியது), 337 (சாதாரணக் காயம்) பிரிவுகளிலேயே நின்றிருந்தது. கொடுங்காயத்துக்கான 338-ஆக மாற்ற இவர் நான்கு முறை போனார். ஒரு முறை எஸ்.ஐ. பந்தோபஸ்து, ஒரு முறை ரைட்டர் லீவு, ஒரு முறை டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸ் மங்கலாம். நான்காம் முறை நடந்தது.

குறுக்கு விசாரணை நாளில் மகளை அம்மாவிடம் வராண்டாவில் விட்டுவிட்டுக் கூண்டு ஏறினேன். அவள் அழுவது உள்ளே கேட்டது. இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார்.

"எக்ஸ்ரே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"ஆமாம்."

"அப்ப எலும்பு உடைஞ்ச வலி இல்லை."

"வலி இருந்துச்சு. குழந்தைக்காக வேண்டாம்னேன்."

"பிரசவத்துக்கு அப்புறம் குழந்தையைத் தூக்கித் தூக்கி வந்த மணிக்கட்டு வலிதான் இதுன்னு சொல்றேன்."

"சரியல்ல" என்று சொல்லச் சொல்லிக்கொடுத்திருந்தார் வக்கீலம்மா. சொன்னேன். ஆனால் குரல் வரவில்லை.

கேள்விகள் அதோடு நிற்கவில்லை. இவர் திடீரென்று பிரேக் போட்டதால்தான் விபத்தாம். அதற்கு எங்கள் வக்கீல் கவலைப்படவில்லை. இரண்டு வண்டி மேலும் தவறு இருந்தாலும், உள்ளே உட்கார்ந்திருந்த பயணி யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே சொல்லிவிட்டது. அடுத்தது சம்பளம். நான் தனியார் பள்ளி ஆசிரியை. எப்படியும் பிரசவ விடுப்பில்தானே இருந்திருப்பீர்கள், என்ன வருமான இழப்பு என்றார்கள். டிசம்பர் வரை வேலைக்குப் போவதாக இருந்தேன், விடுப்பு முடிந்த பிறகும் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை என்பதைக் காட்ட வருகைப் பதிவேட்டு நகல் வேண்டும். பள்ளி அலுவலகத்தில் அதை வாங்க ஐந்து வாரம் ஆனது. (சட்டம் 26 வாரம் என்கிறது, எங்கள் பள்ளி 3 மாதம்தான் தந்தது. அது வேறு சண்டை.)

நான் ரசித்த இடம் ஆன்டி-டி ஊசி. நெகட்டிவ் ரத்தம் உள்ள கர்ப்பிணிக்கு 28-ஆம் வாரத்தில் எப்படியும் போடும் ஊசிதானே, இது விபத்துச் செலவு அல்ல என்று அந்தப் பில்லை அடிக்கப் பார்த்தார்கள். பரவாயில்லை, நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். என் தாய் சேய் நல அட்டையை எடுத்து நீட்டினேன். 28-ஆம் வார ஊசியை விபத்துக்கு முந்தைய வாரமே போட்டுக்கொண்டது தேதியோடு இருந்தது. இரண்டாவது ஊசி விபத்துக்காக மட்டுமே போட்டது. மிஞ்சிப்போனால் சில ஆயிரம் ரூபாய்தான், ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் பிரியாணி வாங்கினோம்.

கையைக் காப்பாற்றிக் கொடுத்தது எலும்பு மருத்துவரின் சாட்சியம். முதல் முறை அவர் வந்த அன்று வக்கீல்கள் புறக்கணிப்பு, திரும்பிப் போனார். மறுமுறை வந்து ஜனவரி ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உடைந்த ஓரங்கள் இறுகி வெளுத்திருக்கின்றன, இது பல வாரப் பழைய முறிவு, குழந்தையைத் தூக்கி இந்த எலும்பு உடையாது என்றார். ஃபிலிமைப் பத்திரமாக வைத்திருந்தது இவர்தான். ரிப்போர்ட் தாள் மட்டும் இருந்திருந்தால் இந்தக் காட்சி நடந்திருக்காது.

மருத்துவக் குழுவிடம் ஊனச் சதவீதம் வாங்க மூன்று நடை. குழு கூடும் கிழமையைப் போன் செய்து கேட்காமல் போகாதீர்கள். எனக்கு 11 சதவீதம் தந்தார்கள்.

நடுவில் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றத்தில், கம்பெனிக்காரர்கள் 1,20,000 தருவதாகச் சொன்னார்கள். அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. பில்லே 1,08,400 ஆகியிருந்தது, எழுந்து வந்துவிட்டோம். தீர்ப்பு 3,12,400. பில் தொகை முழுதும், ஊனத்துக்கு 55,000, மூன்று மாதச் சம்பளம் 54,000, வலிக்கும் வேதனைக்கும் 60,000, மீதி சத்துணவு, போக்குவரத்து, உதவியாள். மனு தேதியிலிருந்து 7.5 சதவீத வட்டி. வயிற்றில் பிள்ளையோடு பயந்து கிடந்த அந்த இரவுக்கு என்று தனியாகக் கேட்டிருந்தோம். குழந்தை நலமாகப் பிறந்திருப்பதால் தனித் தொகை இல்லை, வலி வேதனையிலேயே அடங்கும் என்று தீர்ப்பில் இருந்தது. நலமாகப் பிறந்தாள், அதற்கு நான் கோபப்பட முடியுமா? இருந்தாலும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

கம்பெனி பணத்தைக் கட்டிய பிறகும் இனிஷியல் விடவில்லை. பாஸ்புக்கில் அப்பா இனிஷியல், தீர்ப்பில் இவர் இனிஷியல். இரண்டு பெயரும் ஒருத்திதான் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம், அதன் மேல் ஒரு மனு, ஏழு வாரம். மனு தட்டச்சாகும்போதே ஆதாரில் உள்ளபடி பெயரைப் போடச் சொல்லியிருந்தால் தீர்ந்தது.

ஃபிலிம் இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கான 90 நாள் முடிந்துவிட்டது, இனி அசல் ஆவணங்களைத் திருப்பிக் கேட்கலாம். கையில் இருக்கும் திருகைப் பற்றி நாளைக்கு எந்த மருத்துவர் கேட்டாலும் அது வேண்டும். திங்கட்கிழமை அதற்கு ஒரு மனு.