வேலூர் வண்டியும் பெங்களூரு வாசமும்

பெங்களூருவில் குடியேறி 14 மாதங்கள் ஆகின்றன. வேலூரில் டி.என். 23 எண்ணில் பதிவான என் காரும் அன்று முதல் இங்கேதான் நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற விண்ணப்பித்தாக வேண்டும்.

அதற்கு முதலில் வேலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சையும், கடன் பாக்கி இருப்பதால் வங்கியின் சம்மதக் கடிதத்தையும் இணைக்க வேண்டும். விண்ணப்பித்த 30 நாட்களுக்குள் அலுவலகம் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது இதனால்தான்.

என்னை உண்மையில் வருத்துவது வரிதான். ஆயுட்கால வரியைத் தமிழ்நாட்டில் முழுமையாகக் கட்டிய பிறகு, கர்நாடகத்திலும் முதலில் கட்டிவிட்டு, மீதிக் காலத்துக்கான தொகையைத் தமிழ்நாட்டிடம் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருப்பது, மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குப் பெரும் சுமை. 2021இல் வந்த, மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.எச். (பாரத்) வரிசைப் பதிவு இந்தத் தொல்லையைத் தவிர்க்கிறது. ஆனால் தனியார் நிறுவன ஊழியர் என்றால், அந்நிறுவனத்துக்கு நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் இருக்க வேண்டும். என் நிறுவனத்துக்கு இரண்டில்தான் இருக்கிறது.

வேலூரில் வரியைத் திரும்பப் பெற்ற நண்பர்கள் இருந்தால், என்னென்ன ஆவணங்கள் கேட்டார்கள் என்று அன்புகூர்ந்து எழுதுங்கள்.