கிளினிக் கட்டணம் 1 வெள்ளி, கார் வாடகை 40

மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பஹாவ் பட்டணத்தில் அரிசிக்கோ மருந்துக்கோ குறையில்லை. ஜெம்போல் மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பெரிய சாலையை விட்டுச் செம்மண் சடக்கில் இறங்கி, செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் வெகுதூரம் போனால் வரும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், என் பெரியம்மா இருக்கிறார். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு, பிள்ளைகள் ஜொகூரில் வேலை செய்கிறார்கள், மோட்டார் ஓட்டத் தெரியாது.

அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்), 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் கிடையாது. அங்கே போய்வர வாடகைக் காருக்கு 40 வெள்ளி கேட்கிறார்கள். பால்மரம் (ரப்பர்) இருந்த காலத்தில் முச்சந்தி வரைக்கும் பஸ் வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை, பிள்ளைகளும் பட்டணம் போய்விட்டார்கள், ஏறுவதற்கு ஆளில்லை என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

மருந்தைத் தபாலில் வாங்கலாமே என்பார்கள். அந்தச் சேவை இருக்கிறது, ஆனால் பெரியம்மாவின் தோட்டத்தில் தபால் தோட்ட ஆபீஸோடு நின்றுவிடும், பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர்கள் கையில்தான் லயத்துக்கு வரும். வெயில் படக்கூடாத இன்சுலினை இப்படி வரவழைக்க எனக்கு மனம் வரவில்லை.

2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாக் குடிமக்களுக்கும், அடிப்படைச் சாமான் வாங்க அரசாங்கம் தரும் சாரா உதவியாக, மைகார்டில் (அடையாள அட்டையில்) 100 வெள்ளி போட்டார்கள். நல்ல உதவி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதிவு செய்த கடையில்தான் அது செல்லும். தோட்டத்து மளிகைக்கடைக்காரர் கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு சாமான் கொடுக்கிற மனுஷர், அவரிடம் அந்த ஏற்பாடு இல்லை. அதனால் 100 வெள்ளிச் சாமானை எடுக்கப் பட்டணம் போய்வர, பெரியம்மா கையிலிருந்து காருக்கு 40 வெள்ளி ரொக்கம் போனது.

தண்ணீர், மின்சாரம், மருத்துவ வசதி எல்லாம் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது வேலையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்ட சட்டம். காலமெல்லாம் வெளிக்காட்டில் உழைத்துவிட்டு, இப்போது லயத்தில் தனியாக இருக்கிற கிழவிகளை யார் பட்டணத்துக்குக் கூட்டிப்போவது?

கிளினிக் நாளும் சந்தை நாளும் பார்த்து வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு வேன் ஓடினால் போதும். அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் சேர்ந்தால் ஏற ஆள் இருக்கும். உங்கள் பக்கம் அப்படி ஏதாவது ஓடுகிறதா? யார் நடத்துகிறார்கள், எண்ணெய்க் காசு யார் கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகிறேன்.