மருத்துவமாதின் பதிவேடு

இலங்கையில் பிரசவ மரணங்கள் குறைந்ததைப் பற்றிப் பேச்சு வந்தால், இலவச வைத்தியத்தையும் பெண் கல்வியையும் காரணமாகச் சொல்லி முடித்துவிடுவதே எங்கள் வழக்கம். இரண்டும் உண்மைதான். ஆனால், 1930களில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மாரைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஏழை நாடு, 1950களின் தொடக்கத்திலேயே அந்த எண்ணிக்கையை ஏறத்தாழ 500க்குக் கொண்டுவந்தது எப்படி என்பதை அவை முழுவதுமாக விளக்குவதில்லை. என் பார்வையில், பெரும் பங்கு, வீடுவீடாகச் சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் கவனிக்கும் குடும்பநல மருத்துவமாதுக்கும் அவர் கையிலுள்ள பதிவேட்டுக்கும் உரியது.

1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவு, நோயாளி வரும்வரை காத்திராமல், வரையறுத்த ஒரு பகுதியின் வீடுகளுக்குத் தானே செல்லும் முறையை ஏற்படுத்தியது. இன்றும் ஒரு மருத்துவமாதின் பொறுப்பில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர், அவள் கர்ப்பமாவதற்கு முன்பே அவரது பதிவேட்டில் ஏறிவிடுகிறது. என் தங்கை பிள்ளை வயிற்றோடு இருந்தபோது எங்கள் பகுதி மருத்துவமாது ஸ்கூட்டரில் வந்து, கீழ் இமையை இழுத்து வெளிறியிருக்கிறதா என்று பார்த்து, கால் வீக்கத்தை விரலால் அழுத்தி, இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று அவளிடம் அல்ல, அம்மாவிடம் கேட்டார். பிரசவத்துக்குப் பின் வந்தபோது, குழந்தையின் தொப்புளைப் பார்த்ததோடு நில்லாமல், அது சரியாகப் பால் உறிஞ்சும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மலேரியாவையும் இங்கே சொல்ல வேண்டும். அது உண்டாக்கிய இரத்தச்சோகையோடு பிரசவத்துக்கு வந்த பெண், சாதாரண இரத்தப்பெருக்கையும் தாங்கமாட்டாள். 1940களின் பிற்பகுதியில் நுளம்பைக் கொல்லும் டிடிடி மருந்து தெளிக்கப்பட்டபோது தாய்மாரும் சிசுக்களும் சேர்ந்தே பிழைத்தார்கள்.

1980களிலிருந்து நடைபெறும் மரண விசாரணை இதன் அடுத்த படி. ஒரு தாய் இறந்தால், வீட்டில் தாமதமா, வழியில் தாமதமா, வைத்தியசாலையில் தாமதமா என்று மாவட்ட மட்டத்திலும் தேசிய மட்டத்திலும் ஆராய்கிறார்கள். தண்டிப்பதற்காக அல்லாமல் அறிந்துகொள்வதற்காகவே விசாரிப்பதால்தான், உண்மையைச் சொல்ல ஆட்கள் முன்வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

எனினும், தேசியச் சராசரியைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் மலையகத்தை மறந்துவிடுகிறார்கள். தோட்டங்களின் சுகாதாரம் நெடுங்காலம் கம்பனிகளின் கையில் இருந்தது. தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட லயன் வீடுகளில் பிறந்த குழந்தைகளின் இறப்பு வீதம் பல பதிற்றாண்டுகள் நாட்டின் சராசரிக்கு மேலேயே நின்றது. வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்த அந்தத் தோட்ட மக்களின் மரணத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை.

இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. தாய்மார் இறப்பதற்கு இருதய நோய் ஒரு முக்கிய காரணமாகிவிட்டது. ஆனால் பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் ஏற்படும் மரணங்களை இந்த ஏற்பாட்டால் முற்றாகத் தடுக்க முடியவில்லை. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிக்காத 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு அஞ்சும் பெண், தன் கர்ப்பத்தை மருத்துவமாதிடம் சொல்வதே இல்லை.