மஸ்கட்டில் வளர்ந்தவளின் பினாங்கு நாட்குறிப்பு

பிப்ரவரி 10, 2025, திங்கள்

விடிவதற்குள் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டு வாசலுக்குப் போய்விட்டோம். நாளை தைப்பூசம், இன்று ரதம் புறப்பாடு. 1894-இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்த வெள்ளி ரதம். முருகன் கோவில் இருக்கும் தண்ணீர்மலை வரைக்கும் வழி நெடுக மலை மலையாகத் தேங்காய். என் பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே பிடித்துக் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டார். பேரன் ஒவ்வொரு தேங்காயாக எடுத்துக் கொடுக்க, ரதம் நெருங்கியதும் பாட்டியே ஓங்கி உடைத்தார். சில்லு என் காலில் வந்து விழுந்தது. இளநீர் ஓடிய சாலையில் செருப்பு நிற்கவில்லை, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓமான் தலைநகர் மஸ்கட்டில் எங்கள் சாமி சுவருக்குள்தான் இருக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில், நூறு ஆண்டு தாண்டிய சிவன் கோவிலை அந்த நாடு இருக்க விட்டிருக்கிறது, அது பெரிய மனசு. ஆனால் முருகன் நடுத்தெருவில் வந்து நான் பார்த்தது இங்கேதான்.

பிப்ரவரி 15, சனி

அறைத்தோழியோடு அவள் ஊரான சுங்கைப்பட்டாணிக்குப் போனேன். ஃபெர்ரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து கொமுட்டர் ரயில். அப்பா காரின் பின் சீட்டில் உட்கார்ந்தே வளர்ந்தவள் நான். டிக்கெட் எடுத்து, ரயில் பிடித்து ஓர் ஊருக்குப் போவது இன்னும் எனக்குச் சந்தோஷமான காரியம்தான்.

அவளுடைய பாட்டி பசியாற ரொட்டி சானாய் வாங்கி வைத்திருந்தார். "கல்ஃப்னா துபாய்தானே? ஒரே மணல்னு சொல்றாங்களே, மரம் மட்டை உண்டா கண்ணு?" என்று கேட்டார். இதை எல்லாரும் கேட்கிறார்கள். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி வாழ்ந்தவர். மரத்தைப் பற்றிக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. அதனால் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன்.

ஓமானில் மலைதான் முதலில் கண்ணில் படும். மலைக்கு நடுவே வாடி என்னும் பள்ளத்தாக்குகள். பேரீச்சந்தோப்புக்கு ஃபலஜ் என்ற வாய்க்காலில் தண்ணீர் வரும். அந்தக் காலத்தில் யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதைப் பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்துப் பங்கு பிரித்திருக்கிறார்கள். எங்கள் கும்பகோணத்து முறைப்பாசனம் மாதிரி என்றதும் பாட்டிக்குப் பிடிபட்டுவிட்டது.

அப்புறம் வாடி ஷாப். சூர் போகும் சாலையில் தீவி ஊருக்குப் பக்கம். ஆளுக்கு ஒரு ரியால் கொடுத்துப் படகில் அக்கரை சேர்ந்து, பாறை மேல் முக்கால் மணி நேரம் நடந்து, பிறகு குளம் குளமாக நீந்திப் போக வேண்டும். கடைசியில் பாறைக்கு நடுவே தலை மட்டும் நுழைகிற ஒரு பிளவு. தண்ணீர் தாடையைத் தொடும், இரண்டு காதையும் கல் உரசும். தாண்டினால் உள்ளே ஒரு குகை, அதற்குள் அருவி! பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம் போனோம். நான் உள்ளே இருந்த நேரமெல்லாம் வெளியே அப்பா என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அருவிச் சத்தத்தில் அரைகுறையாகத்தான் கேட்டது.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. அம்மா கோவில் வரிசையில் நின்றபடி பேசினார். இங்கே இரவு ஒன்பது, அங்கே மாலை ஐந்து. சத்தத்தில் பாதி புரியவில்லை. "சாப்பிட்டியாடி?" மட்டும் தெளிவாகக் கேட்டது.

மார்ச் 2, ஞாயிறு

இன்று நோன்பு ஆரம்பம். மஸ்கட்டில் நேற்றே தொடங்கிவிட்டது. அங்கே நோன்பு மாதத்தில் பகலில் வெளியிடத்தில் யாரும் சாப்பிடக் கூடாது, சட்டமே உண்டு. பள்ளி நேரம் குறையும். நாங்கள் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடிப்போம். யாரும் வற்புறுத்தியதில்லை, பக்கத்து வீட்டு ஓமானித் தோழி நோன்பிருக்கும்போது அப்படித்தான் தோன்றும். இங்கே மதியம் சீனக் கடை, வாழையிலைக் கடை எல்லாம் திறந்தே இருக்கின்றன. மாலையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நோன்புக் கஞ்சி. அங்கே கோதுமையும் இறைச்சியும் குழைய வேகவைத்த ஹரீஸ், இங்கே கஞ்சி. இரண்டுமே வயிற்றுக்கு இதம்.

மார்ச் 9, ஞாயிறு

கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்கு, தாவரத் தோட்டத்துப் பக்கத்து ஜீப் சாலை வழியாக நடந்தே ஏறினோம். ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் செங்குத்து. 1923-லிருந்து ஓடுகிற மலை ரயில் இருக்க, நடப்பது எதற்கு என்று தோழி பாதி வழி புலம்பினாள். மேலே போனதும் பாலம், கடல், பட்டர்வொர்த் எல்லாம் தெரிய, அடங்கிவிட்டாள்.

இறங்கி வந்ததும் ஓடையில் கால் நனைக்க உட்கார்ந்தாள். மலை உச்சியில் இடி. தண்ணீர் லேசாகக் கலங்குவதைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டேன். பெரிய வெள்ளம் எதுவும் வரவில்லை. ஆனாலும் மறுபடி அப்படித்தான் செய்வேன். ஓமான் மலையில் மண் கிடையாது, வெறும் பாறை. மழைத் தண்ணீரைக் குடிக்க எதுவும் இல்லை. எங்கோ மலைக்கு அப்பால் பெய்யும், நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், கொஞ்ச நேரத்தில் வாடி முழுக்கச் செந்தண்ணீர். ஓடுகிற வாடியில் கார் இறக்கினால் அபராதம், சிறை என்றுகூடச் சட்டம் இருக்கிறது. "நிறம் மாறினா செருப்பைக்கூடத் தேடாதே, ஏறிடு" என்பார் அப்பா.

மார்ச் 16, ஞாயிறு

தோழி ஜூலை விடுமுறையில் மஸ்கட் வருகிறேன் என்கிறாள்! அவள் வீட்டில் சரி என்றாகிவிட்டது. வாடி ஷாப் காட்ட ஆசைதான், ஆனால் ஜூலை வெயிலில் அந்தப் பாறை மேல் நடக்க முடியாது. அப்பாவிடம் கேட்டேன். "சலாலா கூட்டிட்டுப் போவோம்மா" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கேரளாவில் மழை பெய்விக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்று சலாலா மலையில் மோதி, ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சாரலும் மூடுபனியுமாக இருக்கும். வழியோரக் கடைகளில் இளநீரும் வாழைப்பழமும் குலை குலையாகத் தொங்கும். பாலைவனம் என்று நினைத்து வருகிறவர்களைக் கூட்டிப்போக அதைவிட நல்ல இடம் இல்லை.

ஓமானில் பிறந்திருந்தாலும் அதனால் மட்டும் குடியுரிமை கிடையாது. அப்பாவின் வேலை முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். அதற்குள் அந்த நாட்டை என் ஊராக நாலு பேருக்குக் காட்டிவிட வேண்டும்.

மஸ்கட்டிலிருந்து சலாலா ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். இரவு பஸ்ஸா, அப்பா காரா என்று இன்னும் முடிவாகவில்லை. நான் பஸ் என்கிறேன்.